மேட்டுத் தெருவில் போடாத பாட்டு

பிரியமுள்ள என் மச்சானுக்கு,

பழைய கம்ப்யூட்டரை மாற்றிவிட்டோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருப்பீர்கள். நீங்கள் தட்டினால் அது ஓடியது. உங்கள் தம்பி சேவியர் தட்டினால் ஓடவில்லை. நானும் தட்டிப் பார்த்தேன்.

தை மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் நம் மைக் செட் பாதிப் பாட்டில் நின்றுவிட்டது. மாசமாக இருக்கிற பெண் கையில் வளையல் ஏறுகிற நேரம். சகுனம் பார்க்கிறவர்கள் முகம் அப்போது எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாததா? புதுசு வாங்கிவிடுவது என்று சேவியர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

புருசனுக்கு மட்டும் சொல்ல வேண்டியது என்றால் கல்லறைக்கு வந்து சொல்லியிருப்பேன். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாட்டுகளை மாற்ற ஒரு முழுப் பகல் ஆனது. சாப்பாட்டு மேசையில் பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நடுவே ஒரு ஒயரைச் செருகிவிட்டான் சேவியர். நான் எதிரே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திரையில் உங்கள் ஃபோல்டர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. மேட்டுத் தெரு. சித்தையன்கோட்டை கீழ வீதி. எரியோடு பெரிய வீடு. கோயில் பின்புறம். சிறுமலை அடிவாரம். படத்தின் பெயரோ பாடினவர் பெயரோ எங்கேயும் இல்லை. மைக் செட் கட்டப் போகிற ஊரும் தெருவும்தான். எதைத் திறந்தாலும் ஏறக்குறைய அதே பாட்டுகள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுசர் ஒரே பாட்டைத் தெருத் தெருவாகக் குடிவைத்திருக்கிறாரே என்று சேவியரிடம் சொன்னேன். ஒரே பாட்டு பல இடத்தில் இருக்கிறது, மிச்சத்தை நீக்கவா என்று புதிய கம்ப்யூட்டரும் கேட்டது. சேவியர் என்னைப் பார்த்தான். "எடுத்துரு, இடமாவது மிஞ்சும்" என்றேன். எல்லாப் பாட்டும் ஒன்றே ஒன்றாகி, அகர வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன. பழைய பெட்டியைச் சுத்தமாகத் துடைத்துத் தன் மகள் படிப்புக்குக் கொண்டுபோனான் சேவியர். ஒரு பாட்டுக்கூட விட்டுப்போகவில்லை என்று எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமை சித்தையன்கோட்டை வரைக்கும்தான் வந்தது. அங்கே ஒரு காதுகுத்து. தாய்மாமன் சீர் தெருவுக்குள் நுழைகிறது, தட்டுகளோடு பெண்கள் வரிசையாக வருகிறார்கள். சேவியர் நல்ல துள்ளலான பாட்டாகப் பார்த்துப் போட்டிருக்கிறான். நடுவில் வந்த ஒரு பெண் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். மயக்கம் என்று தண்ணீர் கொண்டு ஓடியிருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் மட்டும் நேராக ஆம்ப்ளிபயர் பக்கம் வந்தார்.

"தம்பி, ஒங்க அண்ணன் இருந்தா இந்தப் பாட்டு இங்க வராதே" என்றார். திட்டவில்லை. அவ்வளவுதான் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

சேவியர் வந்து இதைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் ஃபோல்டரில் இருந்ததைப் பார்த்தோம் மச்சான். இல்லாததைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் தனியாக நீங்கள் பாட்டு வைத்திருந்தது, அந்தத் தெருவில் போடக் கூடாத பாட்டு தவறிக்கூட வந்துவிடக் கூடாது என்றுதான். யார் வீட்டில் சாவுச் செய்தி வந்தபோது எந்தப் பாட்டு ஓடியது, எந்தக் கல்யாணம் எந்தப் பாட்டோடு நின்றுபோனது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டை அந்தத் தெருவிலிருந்து மட்டும் எடுத்துவிட்டீர்கள். கம்ப்யூட்டர் இருப்பதையெல்லாம் ஒழுங்காக எடுத்துக் கொடுத்தது. இல்லாததை எப்படிக் காப்பி எடுக்கும்?

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். பெண்டாட்டியிடமும் சொல்லாமல், கூடவே பெட்டி தூக்கின தம்பியிடமும் சொல்லாமல் இருக்க, வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்? கொஞ்ச நேரம் உட்கார்ந்து, இந்த வீட்டில் இது, அந்த வீட்டில் அது என்று சொல்லியிருக்கலாம். அடுத்தவர் துக்கத்தை ஊர்க்கதையாக்கக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் புரிகிறது. புரிந்தாலும் கோபம் போகவில்லை.

அந்த வாரத்திலேயே முத்துலட்சுமி அக்கா வெற்றிலை பாக்கோடு வந்தது. நம் மேட்டுத் தெருக் கடைசி வீடு, நூல் மில்லுக்குப் போகிற அக்கா. மகள் கல்யாணத்துக்கு மைக் செட் சொல்ல வந்திருந்தது. நீங்கள் போனதிலிருந்து வருகிறவர்கள் தட்டைச் சேவியர் கையில்தான் கொடுக்கிறார்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன், கண் என்னைத் தாண்டிப் போகும். அக்கா தட்டை என் கையில்தான் கொடுத்தது. மேலே ஒரு சீப்புச் சிறுமலைப் பழம் இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

ஏன் நின்றேன் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவின் மூத்த மகன் குமரேசன், எங்கள் தெரு மாரியம்மன் திருவிழா அன்று பைபாஸ் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். பதிமூன்று பதினான்கு வருடம் இருக்கும். பூ வாங்க வண்டியில் போனவன். அன்றைக்குத் தெருவில் நம் மைக் செட்தான் பாடிக்கொண்டிருந்தது. நான் எரியோட்டில் அம்மா வீட்டில் இருந்தேன். சேவியர் வேறொரு ஊரில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தான். நான் திரும்பி வந்ததும் நீங்கள் சொன்னது ஒரே ஒரு வரி. "பாட்டு ஓடிக்கிட்டு இருக்கயிலயே வந்து சொன்னாங்க லில்லி." எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றுமா அந்த நேரத்தில்?

இப்போது அந்தப் பாட்டு எதுவென்று தெரிய வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெருவில் சாவு எல்லாருக்கும் நினைவிருந்தது, பாட்டு ஒருவருக்கும் நினைவில்லை. கல்யாணப் பெண் அப்போது ஒண்ணாப்போ ரெண்டாப்போ படித்தவள்.

நாதஸ்வர மேளம் மட்டும் போட்டுச் சமாளித்துவிடலாம் என்றான் சேவியர். அதெப்படி? கல்யாண வீட்டில் இளவட்டங்கள் வந்து நின்று, இந்தப் பாட்டைப் போடு, அந்தப் பாட்டைப் போடு என்று கேட்கும். அவர்கள் கேட்கிற பாட்டே அதுவாக இருந்தால்? வேறு ஆளைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வோம் என்றும் சொன்னான். என் கையில் தாம்பூலம் கொடுத்த ஒரே வீடு அது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

மிச்சம் ஒரே வழிதான். அக்காவிடமே போய்க் கேட்பது. மகன் செத்த நேரத்தில் ஓடிய பாட்டு எது என்று, இன்னொரு பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருக்கிற தாயிடம் போய்க் கேட்பது. இதை யாரும் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது என்றுதானே நீங்கள் தெருத் தெருவாக ஃபோல்டர் போட்டீர்கள்? இரண்டு தரம் அந்த வீட்டுப் பக்கம் போய்விட்டு, தண்ணி லாரி வந்ததா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மூன்றாவது தரம் போனபோது அக்கா மில்லிலிருந்து வந்து, தலையில் இருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல், முற்றத்தில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தது. நானும் உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் புதுக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னேன். ஃபோல்டர் சொன்னேன். சித்தையன்கோட்டை சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அக்காவே புளியைக் கீழே வைத்தது.

"விசிலடிச்சு ஆரம்பிக்குமே, அந்தப் பாட்டு" என்றது.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா பேசிக்கொண்டே போனது. அந்தப் பாட்டைக் கேட்டு வாங்கினதே குமரேசன்தானாம். உங்களிடம் வந்து, மாமா நான் பூ வாங்கிட்டு வாரதுக்குள்ள போட்டு முடிச்சிராதீக என்று சொல்லிவிட்டுப் போனானாம். காரியம் முடிந்த மறுவாரம் நீங்கள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். இனிமேல் அந்தப் பாட்டு இந்தத் தெருவில் வராது அக்கா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். அக்கா அன்றைக்குத் தலையாட்டியிருக்கிறது.

"அன்னைக்கு அது சரி. ரெண்டு வருசம் கழிச்சு எனக்கு அதைக் கேக்கணும்போல இருந்துச்சு லில்லி. யார்ட்டப் போய்ச் சொல்ல? ஒன் வீட்டுக்காரரு என்னையப் பாத்தாலே பாட்டைக் கொறச்சிருவாரு. அம்புட்டு நல்ல மனுசன்ட்ட, போடுங்கன்னு எப்படி வாய்விட்டுக் கேப்பேன்? நீங்க யாராச்சும் கேக்க மாட்டீகளான்னு இருந்துச்சு. அந்தப் பயல் பேரையே ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறீக."

அக்கா ஒரு புளியங்கொட்டையை விரலில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தது.

"கல்யாணத்துல போடு. தாலி கட்டயில வேணாம். பந்தியில போடு, எல்லாரும் சாப்பாட்டுல இருப்பாக. அன்னைக்குப் பாதியில நிறுத்திட்டாரு. முழுசாப் போடு."

இது உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது மச்சான். நீங்கள் காவல் காக்கிறோம் என்று நினைத்த வீட்டில், காவலைத் தாண்டி வர முடியாமல் ஒரு தாய் உட்கார்ந்திருந்திருக்கிறாள். உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. உங்களைப் போல நினைத்துப் பார்த்தவர் ஊரில் யார் இருக்கிறார்கள்? ஆனால் ஒரு தடவை சொன்னதோடு ஏன் விட்டுவிட்டீர்கள்? மறுபடியும் ஒரு தடவை போய்க் கேட்டிருந்தால் என்ன?

கல்யாணத்தன்று நான் ஆம்ப்ளிபயர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இரண்டாவது பந்தியில் சேவியர் என்னைப் பார்த்தான். தலையசைத்தேன். விசில் சத்தம் வந்ததும் நான் அக்காவைத் தேடினேன். அக்கா கை கழுவுகிற இடத்தின் பக்கம், கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றது. பட்டுச்சேலை முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கடைசி வரைக்கும் கேட்டது. முடிந்ததும் செம்பை வைத்துவிட்டு, ரசம் பத்தாது போல இருக்கே என்று சமையல்காரரைத் தேடிப் போனது.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக எழுதியிருப்பேன். பாட்டின் நடுவில் குமரேசனின் அப்பா இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனார். அவரிடம் அக்கா சொல்லியிருக்கும் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அக்கா நினைத்திருக்கிறது. மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில், அந்த இரைச்சலில் போய் நின்றுகொண்டார் மனுசர். மகளை வழியனுப்புகிற நேரத்துக்குத்தான் உள்ளே வந்தார்.

ரெண்டு நாள் கழித்து அவரே நம் வீட்டுக்கு வந்தார். நான் பயந்துகொண்டுதான் நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"அவளுக்குக் கேக்கணும்னா கேக்கட்டும் தாயி. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். அடுத்த தடவை எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடு. நான் செத்த வெளிய போய்க்கிறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரே வீடு, ஒரே பிள்ளை, ஒரே பாட்டு. ஒருவருக்கு அது வேண்டும், ஒருவருக்கு அது ஆகாது. நீங்கள் இருந்தால் இதற்கு என்ன ஃபோல்டர் போட்டிருப்பீர்கள்? இன்னும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அவர் போனதும் இன்னொரு விஷயம் மனதில் கிடந்து அரித்தது. இத்தனை நாள் அதைத் தொடாமலே சுற்றி வந்தேன். எரியோடு பக்கம் அந்தக் கோயில் திருவிழாவில், குழாய் எல்லாம் கட்டி முடித்து, பாட்டைப் போட்டுவிட்டு, ஆம்ப்ளிபயர் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் நீங்கள் சாய்ந்தீர்கள். அசந்து தூங்குகிறீர்கள் என்று சேவியர் நினைத்திருக்கிறான். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டைப் போட உங்கள் கை வரவில்லை. அப்போதுதான் தொட்டுப் பார்த்திருக்கிறான். இவ்வளவும் எனக்குத் தெரியும். அது எந்தப் பாட்டு என்று தெரியாது.

சேவியரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் புதுக் கம்ப்யூட்டரின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"அது இதுல இல்ல மதினி" என்றான்.

ஒரு பாட்டுக்கூட விட்டுப்போகவில்லை என்று நான் பெருமைப்பட்டேனே, விட்டுப்போயிருக்கிறது. வெங்காயம் உரித்துக்கொண்டு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாமல் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறான். உங்கள் தம்பி உங்களை மாதிரியேதான் இருக்கிறான். அழித்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் காட்டினான். அதில் அந்த ஒரு பாட்டுத்தான் இருக்கிறதாம். நான் எந்த வீட்டு விசேஷத்துக்கு எப்போது வந்து நிற்பேன் என்று தெரியாதே, அதனால் எந்த ஊரிலும் போடுவதில்லையாம்.

அழுகை வந்தது, அழுதேன். அவன் மேல் கோபமும் வந்தது. எனக்கும் சேர்த்து இவர்களே முடிவு செய்துவிட்டு, என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைக்கப் போகிறார்கள். பத்து வருடம் கழித்து நானும் முற்றத்தில் உட்கார்ந்து, யாராவது கேட்க மாட்டார்களா என்று புளி ஆய்ந்துகொண்டிருக்கப் போகிறேன்.

பாட்டின் பெயரைச் சொல்லவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு வந்து அவனிடம் சொன்னேன்.

"அது ஒங்கிட்டயே இருக்கட்டும் சேவியரு. ஆனா நானா வந்து கேப்பேன்னு இருக்காத. என்னால வாய் தொறக்க ஏலாது. வருசா வருசம் நீ வந்து கேளு. வேணாம்னு சொன்னா போயிரு, மறு வருசம் திரும்ப வந்து கேளு. சலிச்சுப்போய் விட்டுறாத."

அவன் சரி மதினி என்றான்.

இதை எல்லாரும் படிக்கும்படி எழுதியதற்கு இதுதான் காரணம். திண்டுக்கல்லைச் சுற்றி எத்தனையோ தெருக்களில் எங்கள் வீட்டுக்காரர் மைக் செட் கட்டியிருக்கிறார். உங்கள் வீட்டில் ஒரு பாட்டு வரக் கூடாது என்றால், தயவுசெய்து வந்து சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முன்னே வேண்டாம் என்றிருந்து இப்போது வேண்டும் என்றாலும் சொல்லுங்கள். வர முடியாவிட்டால் நாங்களே வருவோம்.

மச்சான், உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தெருத் தெருவாக நீங்கள் போட்டிருந்த ஃபோல்டர்களைத் திரும்பப் போட ஆரம்பித்துவிட்டோம். ஒரு பாட்டை எடுக்கிறோம் என்றால் அந்த வீட்டில் கேட்டுத்தான் எடுப்போம், எல்லாரிடமும் கேட்டு. எடுத்ததோடு விட்டுவிடாமல் மறுபடி மறுபடி போய்க் கேட்போம். முதல் ஃபோல்டர் மேட்டுத் தெரு. அதில் குமரேசன் பாட்டு இருக்கிறது, அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போடுவதற்கு.

போன வாரம் உங்கள் வருட நினைவுத் திருப்பலி முடிந்தது. எல்லாரும் போன பிறகு, சொன்னபடியே சேவியர் வந்து நின்றான். சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு கேட்டான்.

"இப்பப் போடவா மதினி?"

வேண்டாம் என்று சொன்னேன். அவன் போய்விட்டான். அடுத்த வருடமும் வருவான். ஒரு வருடம் நான் போடு என்று சொல்வேன் மச்சான். அன்றைக்குப் பாதியில் நிறுத்த மாட்டேன், முழுசாகக் கேட்பேன்.

என்றும் உங்கள் அத்தை மகள்,
லில்லி